இது செருப்பு இல்லை ஆண்டே, மருந்து

முகத்தை நிமிர்ந்து பார்க்காதே என்று அடித்து வளர்த்தால் பிள்ளை காலைப் பார்த்துக்கொண்டே வளரும். நான் அப்படி வளர்ந்தவன். வட ஆற்காட்டில் எங்கள் ஊர் மிராசுதார்களில் பாதிப் பேருக்கு மூக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கால்களைக் கேளுங்கள், சொல்கிறேன். யாருக்குப் பித்தவெடிப்பு, யாருக்குக் கால் ஆணி, எவருடைய சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக்கிடக்கிறது, எவருடைய நகம் ஆமை ஓடு மாதிரி தடித்திருக்கிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். காலைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று மூக்கைப் பிடிக்கிறவர்கள் இப்போதே பிடித்துக்கொள்ளலாம். போகப் போக மூக்குக்கு இன்னும் வேலை இருக்கிறது.

தங்க வயலுக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள், அங்கே வெள்ளைக்காரன்தான் எசமான், ஊர்க் கட்டுப்பாடு ஒன்றும் கிடையாது என்றார்கள். பொய். எங்களை அழைத்து வந்த காண்டிராக்டர் எங்கள் பக்கத்துக்காரர்தான், ஊர்த்தெருவில் பிறந்தவர். மாட்டைக் கொண்டுவந்தார், அண்டா குண்டானைக் கொண்டுவந்தார், ஊரையும் சுருட்டி அதே வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத்துக்குப் போகிற வழியில் அவருக்கு ஓட்டு வீடு. முன்னால் வேலி போட்ட பெரிய முற்றம். தினம் காலையில் எங்கள் கேங் முழுவதும் அந்த முற்றத்தில் போய் நிற்க வேண்டும். அவர் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவனுக்கும் டோக்கனை வீசுவார். கையில் கொடுக்க மாட்டார். அந்தத் தகர வில்லை இருந்தால்தான் அன்றைக்கு வேலை. அவரை ஊரில் போலவே "ஆண்டே" என்றுதான் கூப்பிட வேண்டும். காலில் செருப்பு இருந்தால் வேலிக்கு வெளியே கழற்றிவிட வேண்டும். செருப்பு வைத்திருந்தவன் எங்களில் எவனும் இல்லை என்பது வேறு விஷயம். இல்லாத செருப்புக்கும் சட்டம் இருந்தது.

அவருடைய பாதத்தைத் தினமும் பார்த்தேன். வேறு எங்கே பார்க்க? வெண்ணெய் மாதிரி பாதம். சாயங்காலம் ஒரு ஆள் உட்கார்ந்து விளக்கெண்ணெய் போட்டு நீவிவிடுவான். அந்தக் குதிகாலுக்குக் கல் தெரியாது, முள் தெரியாது.

எங்கள் பாதம் வேறு சாதி. லெவலில், அதாவது பூமிக்குள் தளம் தளமாக வெட்டிய சுரங்கப் பாதையில், இறங்கினால் கணுக்கால் வரை தண்ணீர். ஷிப்ட் முடிகிற வரை அதிலேயே நின்று பாறையைத் துளைக்க வேண்டும். மேலே வரும்போது விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, ஊறிய அவல் மாதிரி தோல் கழன்று வரும். சேற்றுப்புண். அது கொடுக்கிற அரிப்பு எந்தச் சத்துருவுக்கும் வரக் கூடாது. காண்டிராக்டருக்கு வரலாம். மேலே தூக்கிவருகிற கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் எங்களை நெருக்கி அடைப்பார்கள், குனிய முடியாது. இருட்டில் ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொள்வதுதான் வழி. ஒருநாள் நான் சுகமாகச் சொறிந்துகொண்டே வந்தேன். அரிப்பு மட்டும் அடங்கவில்லை. பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆ... இன்னும் கொஞ்சம் கீழ மச்சான். விட்டுடாத."

என் கேங்கில் இருந்த தடியன் அவன். ஆளும் கதவு மாதிரி, மனசும் கதவு மாதிரி, எப்போதும் திறந்தே இருக்கும். இந்தக் கதையில் அவன் மறுபடியும் வருவான்.

வீட்டுக்கு வந்தால் முகத்தை மூன்று தடவை தேய்த்துக் கழுவுவேன், தலைக்கு எண்ணெய் வைப்பேன். காலுக்கு ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான். ஈரத்தைக்கூடத் துடைக்க மாட்டேன். என் பெண்சாதி சும்மா இருக்கிறவள் இல்லை.

"மூஞ்சிய இன்னாத்துக்குயா அந்தத் தேய் தேய்க்கிற? மூஞ்சியா உன்ன தூக்கிக்கினு போவுது?"

"காலு எங்கமே ஓடிப்போவப் போவுது?"

"போவாது. அழுவி வுழும்."

அவள் வாய் முகூர்த்தம், வலது கால் கட்டைவிரலில் ஒரு கல் விழுந்தது. பெரிய கல் இல்லை, தேங்காய் அளவு. நகம் பாதி பெயர்ந்தது. பக்கத்து இடுக்கில் ஏற்கெனவே புண் இருந்ததால் இரண்டும் கூட்டாளியாகிவிட்டன. மஞ்சள் பூசினாள், வேப்பெண்ணெய் விட்டாள். விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கி, கத்திரிக்காய் நிறத்துக்கே வந்தது. அப்புறம்தான் சுரங்கத்து ஆஸ்பத்திரிக்கு நொண்டிக்கொண்டு போனேன்.

அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் எங்கள் ஜனத்தில் பிறந்து கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து படித்தவர். சட்டை போட்டிருப்பார், யாரையும் மரியாதை இல்லாமல் பேச மாட்டார், ஆனால் விரலை அழுத்தும்போது ஈவு இரக்கம் பார்க்க மாட்டார்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"அப்புறம் ஏன்பா கண்ணுல தண்ணி வருது?"

சீழைப் பிழிந்து எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பேசினார். இந்தக் காலில் இனிமேல் ஈரமும் மண்ணும் படக் கூடாது, பட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். கட்டைவிரல்தானே, இன்னும் ஒன்பது இருக்கிறதே என்று பல்லை இளித்தேன்.

"கட்டவெரல் இல்லாதவன் ஏணி ஏறுவானாப்பா? ஏணி ஏறாதவனுக்குச் சுரங்கத்துல இன்னா வேலை?"

இளிப்பு நின்றது. கேஜ் எல்லா இடத்துக்கும் போகாது. லெவலுக்கு லெவல் ஏணிதான். வெறுங்காலால் ஏறுகிறவனுக்குக் கட்டைவிரல்தான் பிடி. அது போனால் தங்க வயலும் போயிற்று. திரும்பிப் போய் ஊரில் பழையபடி ஏர் ஓட்ட வேண்டும், குனிந்த தலையோடு. ஆறுகிற வரை மேலே தள்ளுவண்டி தள்ளுகிற வேலை கொடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். காலுக்குப் பூட்ஸ் வாங்கிப் போடச் சொன்னார்.

"செருப்பா? நானா? எங்க ஆண்டே..."

"அது செருப்பு இல்லப்பா, மருந்து. மருந்த யாராச்சும் வேலிக்கு வெளியே கழட்டி வெச்சிட்டுப் போவாங்களா?"

பூட்ஸ் வாங்கச் சந்தைக்குப் போனவள் என் பெண்சாதி. துரைமார் கழித்துப்போட்டதையெல்லாம் ஒருவன் அங்கே குவித்து வைத்து விற்பான். அவள் கொண்டுவந்த இரண்டு பூட்ஸும் அண்ணன் தம்பி இல்லை, பங்காளிகூட இல்லை. இடது கால் யாரோ ஒல்லித் துரையுடையது. வலது கால் தொந்தி வைத்த துரையுடையது.

"வேணும்னுதான்யா வாங்கினேன். கட்டுப் போட்ட காலு நொழையணும் இல்ல?" என்றாள். அறிவு அவளுக்கு. ஆனால் ஒல்லித் துரையின் பூட்ஸ் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் கிறீச் கிறீச் என்று கத்தும்.

முதலில் நான் கோழையாகத்தான் இருந்தேன். வேலி வரை பூட்ஸில் போய், அங்கே கழற்றி வைத்துவிட்டு, கட்டுப் போட்ட காலோடு முற்றத்தில் நின்றேன். அந்த முற்றத்தில் காண்டிராக்டருடைய மாடுகள் கட்டியிருக்கும். கோமியமும் சாணியும் சேறும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். கட்டு தினமும் நனைந்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டிரஸ்ஸர் கட்டை அவிழ்த்து, அதிலிருந்த சாணித் தண்ணீரைப் பிழிந்து காட்டினார்.

"இது யாரு காலுப்பா?" என்று கேட்டார். "உன்னுதா, உன் காண்டிராக்டருதா?"



ஒரு மஞ்சள் பொடியைப் புண்ணில் கொட்டினார். அந்தப் பொடியின் நாற்றத்தை எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரியே ஒரு மனுஷனாகி உங்கள் மடியில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். மேலே பஞ்சு, அதன்மேல் துணி, இறுக்கிக் கட்டினார். "வர்ற ஞாயித்துக்கெழமை நானே அவுப்பேன். அதுவரைக்கும் சேத்துல கால வெச்சே, ஞாயித்துக்கெழமை அவுக்க மாட்டேன், வெட்டிடுவேன்." ஏதோ நகம் வெட்டுகிற மாதிரிச் சொன்னார்.

அன்றிலிருந்து பூட்ஸைக் கழற்றவில்லை. தடியன் எனக்கு முன்னால் நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு மாட்டு வண்டியே மறைந்து நிற்கலாம். என் பெயரைக் கூப்பிட்டால் "வந்தேன் ஆண்டே" என்று இவனே குரல் கொடுத்து, வீசுகிற டோக்கனைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிடுவான். காண்டிராக்டர் எங்கள் முகத்தை என்றைக்குப் பார்த்தார், வித்தியாசம் தெரிய? நாங்கள் அவர் காலை அறிந்த அளவுக்கு அவர் எங்கள் முகத்தை அறிந்தவர் இல்லை.

பகலெல்லாம் வெயிலில் தள்ளுவண்டி. கால் பூட்ஸுக்குள் வெந்தது. வீட்டுக்கு வந்ததும் என் பெண்சாதி பூட்ஸை உருவிக் காற்றாட வைப்பாள். டிரஸ்ஸர் கட்டை அவிழ்க்கக் கூடாது என்றுதானே சொன்னார், மேலே ஊற்றக் கூடாது என்று சொல்லவில்லையே என்று கட்டின்மேலேயே பூண்டு போட்டுக் காய்ச்சிய வேப்பெண்ணெயை ஊற்றுவாள். மஞ்சள் பொடி, வேப்பெண்ணெய், பூண்டு, வியர்வை, தொந்தித் துரை விட்டுப்போன பழைய வாசனை, எல்லாம் ஒரே பானையில் ஊறின. நாங்கள் ஸ்கெலட்டன் என்று கூப்பிடுகிற இடத்தில், மூங்கில் தட்டிக் குடிசையில் இருந்தோம். ஒரு குடிசையில் இருமினால் அடுத்த குடிசையில் தண்ணீர் கொடுப்பார்கள். பக்கத்துக் குடிசைக்காரி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"யாரு ஊட்டுலமே எலி செத்துக் கீது?"

"எலி இல்லக்கா," என்றாள் என் பெண்சாதி. "எங்க ஊட்டுக்காரரு."

அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. காண்டிராக்டர் முற்றத்தில் துளைக்கிற உளி, சம்மட்டி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துப் படையல் போடுவார். சுரங்க வேலையை மேற்பார்க்கிற கேப்டன் துரையை வரவழைத்து உட்காரவைப்பார். பிறகு ஒவ்வொருவனும் முன்னால் வந்து பொரியும் கடலையும் வாங்கிக்கொள்ள வேண்டும். தடியன் முதுகு அன்றைக்கு உதவாது.

காலையில் பூட்ஸை மாட்டிக்கொண்டே யோசித்தேன். என் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விளங்கிவிட்டது.

"கழட்டச் சொன்னா இன்னாயா பண்ணுவ?"

"மாட்டேன்னுவேன்."

"வேல போவும்."

"கழட்டுனா வெரலு போவும். வெரலு போனா வேலையும் போவும்."

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ கழட்டுயா."

"இன்னாமே சொல்ற?"

"கழட்டுன்றேன். மண்ணுல மட்டும் கால வெக்காத, பூட்ஸ் மேலயே வெச்சிக்க. மெதுவா கழட்டு. கழட்டறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து நில்லு."

முற்றத்தை அன்றைக்கு மெழுகிக் கோலம் போட்டிருந்தார்கள். காண்டிராக்டர் பட்டு கட்டி, மார்பெல்லாம் சந்தனம் பூசி நின்றார். கேப்டன் துரை நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தார். முழங்கால் வரை பூட்ஸ். அதன் அடி நேராகச் சாமியைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. சாமிக்குக் கோபம் வரவில்லை. சாமிக்கும் ஆள் பார்த்துத்தான் கோபம் வரும் போலிருக்கிறது.

என் முறை வந்தது. கிறீச். கிறீச். காண்டிராக்டர் நிமிர்ந்தார்.

"இன்னாடா சத்தம் அது? கால்ல இன்னாடா?"

"மருந்து ஆண்டே."

"மருந்தா? செருப்புடா அது!"

"செருப்பு இல்ல ஆண்டே, மருந்து. டிரஸ்ஸரு உத்தரவு."

"மருந்த வாயில போடுவானா, கால்ல போடுவானா?"

"வாயில போட்டுப் பாத்தேன் ஆண்டே. நொழையல."

பின்னால் எவனோ சிரிப்பை விழுங்கினான். தடியன்தான், அவன் விழுங்கினால் ஊருக்கே கேட்கும். காண்டிராக்டருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. துரை முன்னால் மானம் போகிறதே.

"சாமி முன்னாடி, என் முன்னாடி செருப்பப் போட்டுக்கினு நிக்கறியா? கழட்டுடா நாயே! இல்லன்னா இன்னியோட சீட்டுக் கிழிஞ்சிது."

"ஆண்டே சொன்னா சரி," என்றேன்.

காற்றைப் பார்த்தேன். என் முதுகுப் பக்கமிருந்து தாழ்வாரத்தை நோக்கி அடித்தது. கொஞ்சம் நகர்ந்து, நேர்கோட்டில் நின்றுகொண்டேன். முதலில் ஒல்லித் துரையைக் கழற்றினேன். அதில் ஒன்றும் இல்லை, அது நல்ல கால்.

"அதையும்டா!"

தொந்தித் துரையின் கயிற்றை அவிழ்த்தேன். பெண்சாதி சொன்ன மாதிரி மெதுவாக. பூட்ஸை உருவி, கட்டுப் போட்ட காலை அதன்மேலேயே ஊன்றி, பணிவாகக் கை கட்டித் தலை குனிந்தேன்.

முதலில் மாடுகளுக்குத் தெரிந்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பி நின்றன. அடுத்து கேப்டன் துரை, ஊன்றியிருந்த காலை எடுத்துத் தன் பூட்ஸின் அடியைப் பார்த்தார், எதையாவது மிதித்துவிட்டோமா என்று. இல்லை என்றதும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார்.

"எங்கே செத்தது? எங்கே?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டபடி எழுந்து நின்றார்.

சாம்பிராணி போட்டார்கள். நாற்றம் சாம்பிராணியையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. காண்டிராக்டர் பட்டு வேட்டி நுனியை இழுத்து மூக்கில் வைத்தார், குமட்டினார், பொரித் தட்டைக் கீழே வைத்தார்.

"போடுடா!"

"இன்னாத்த ஆண்டே?"

"அத போடுடா, அத!"

"எத ஆண்டே?"

"செருப்படா! செருப்பப் போடுடா!"

நான் பிறந்த நாளாக அந்த ஜாதி வாயிலிருந்து கேட்காத வார்த்தை. அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

"தப்பு ஆண்டே. ஆண்டே முன்னாடி நானு செருப்பு போடறதா? எங்கப்பன் போட்டதில்ல, எங்கப்பனுக்கு அப்பன்..."

"டேய், உன் கால்ல வேணும்னாலும் வுழறேன்டா, போட்டுத் தொலைடா!"

வாய் தவறி வந்ததுதான். வாய் தவறினாலும் காதில் விழுந்தது விழுந்ததுதான். பின்னாலிருந்து தடியன், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, சொன்னான்.

"வுழறதுன்னா நல்ல காலுல வுழச் சொல்லு மச்சான். புண்ணு காலு தாங்காது."

துரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வேலிப் பக்கம் போய்விட்டார். அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா, குமட்டினாரா, நான் சொல்ல முடியாது. நான் குனிந்து, ஒல்லித் துரையை மாட்டி, தொந்தித் துரையை மாட்டி, கயிற்றை ஒவ்வொரு கண்ணாகக் கோத்து இறுக்கினேன். காண்டிராக்டர் தூணைப் பிடித்துக்கொண்டு உத்தரவு போட்டார்.

"இனிமே என் முன்னாடி அத தொறந்தியோ, உன்ன வேலைய விட்டே தூக்கிடுவேன்."

"உத்தரவு ஆண்டே."

ஞாயிற்றுக்கிழமை டிரஸ்ஸர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கட்டை அவிழ்த்தார். எண்ணெய் ஊற்றியதற்கு என் பெண்சாதியைத் திட்டினார். அவள் பதிலுக்கு அவருடைய மஞ்சள் பொடியைத் திட்டினாள். இரண்டு பேரும் ஓய்ந்த பிறகு விரலைப் பார்த்தோம். சீழ் நின்றிருந்தது. கத்திரிக்காய் நிறம் போய் மனுஷ நிறம் வந்திருந்தது. கத்தியை எடுக்கவில்லை. மாதக் கணக்கில் ஆனது, நகம் கோணலாகத்தான் முளைத்தது. இன்றைக்கும் கோணல்தான். ஆனால் ஏணியைப் பிடித்தது, நான் லெவலுக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு காலைக் கழுவினால் துடைக்காமல் விட்டதில்லை. முக்கியமாக இடுக்கை. கழுவுவதைவிடத் துடைப்பதுதான் வைத்தியம், இதை டிரஸ்ஸரும் சொன்னார், என் பெண்சாதியும் சொன்னாள், நானும் சொல்கிறேன். பித்தவெடிப்புக்கு விளக்கெண்ணெய் நல்லது. காண்டிராக்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் செய்த ஒரே உபகாரம். நீவிவிட ஆள் வேண்டாம், நமக்கே கை இருக்கிறது.

எங்கள் கேங்கில் அந்த வருஷம் திடீரென்று கால் வியாதி பரவியது. முதலில் தடியனுக்கு. பிறகு ஒருவன் விடாமல் எல்லோருக்கும். சந்தைக்காரனிடம் பழைய பூட்ஸ் மிச்சமில்லை. பூட்ஸ் கிடைக்காதவன் செருப்பு, செருப்பு கிடைக்காதவன் சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்தான். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "மருந்து ஆண்டே." காண்டிராக்டர் யாரையும் கழற்றச் சொல்லவில்லை. டோக்கனை மட்டும் முன்னைவிடத் தூரமாக வீசினார்.

நான் லெவலுக்குத் திரும்பி ரொம்ப நாளான பிறகு, ஒரு காலை நேரம், அவர் வீசிய டோக்கனைப் பொறுக்கும்போது என் பூட்ஸைப் பார்த்தபடி கேட்டார்.

"இன்னாடா, உன் புண்ணு இன்னுமா ஆறல?"

நான் தலை நிமிர்ந்தேன். அன்றைக்குத்தான் அவர் மூக்கை முதல் முதலாக நன்றாகப் பார்த்தேன். சின்ன மூக்கு, நுனியில் ஒரு மச்சம்.

"தெரியலையே ஆண்டே," என்று சொல்லிவிட்டு, கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். "நீங்களே ஒருதரம் பாத்துச் சொல்றீங்களா?"

"வேணாம்! வேணாம்! போடா, போய் வேலையப் பாரு!"

கிறீச் கிறீச் என்று போனேன்.